தோட்டப் பயிர் ஆராய்ச்சிக்குச் சர்க்கார் மான்யம்

மான்யம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கிராமங்களில் பெரும்பாலோர் நினைப்பது, கன்று வாங்கவோ, பந்தல் அமைக்கவோ, சொட்டுநீர்க் குழாய் போடவோ சர்க்கார் கொடுக்கும் தொகையையே ஆகும். அது சாகுபடி மான்யம். அதனைப் பெறுபவர் விவசாயி. அதன் பலன் அந்த வருஷமோ, அடுத்த வருஷமோ அவருடைய தோட்டத்திலேயே தெரிந்துவிடும். இதனின்று வேறான மற்றொரு மான்யமும் உண்டு. அது ஆராய்ச்சி மான்யம். அத்தொகை எந்த விவசாயியின் கைக்கும் வருவதில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்கும் கலாசாலைக்கும் சென்று, பல வருஷங்கள் கழித்து ஒரு புதிய ஒட்டுமாவாகவோ, நோயற்ற வாழைக்கன்றாகவோ, புழுவைத் தாங்கும் விதைக்கிழங்காகவோ உருமாறிக் கிராமத்தை அடைகிறது. கண்ணுக்கு நேராகத் தோன்றாத காரணத்தால் இதைப் பற்றி விசாரிப்போர் சிலரே. ஆயினும் சாகுபடி மான்யத்தைக்கொண்டு வாங்கும் கன்று நல்ல கன்றாக இருக்கவேண்டுமானால், அதற்கு வெகு காலம் முன்னரே ஆராய்ச்சி மான்யம் செவ்வையாகச் செலவாகியிருக்க வேண்டும்.

அவ்வாராய்ச்சி மான்யம் பலன் தருவதற்கு மூன்று நிபந்தனைகள் உள. அது உரிய காலத்தில் வரவேண்டும். பயிரின் வளர்ச்சிக்கு வேண்டிய காலம் வரையில் நீடிக்கவேண்டும். அதனால் கண்டறியப்பட்டதைக் கிராமம் முழுதும் ஒருங்கே கைக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் சர்க்காரின் பொறுப்பு. மூன்றாவது நிலச்சுவான்தார்கள், கிராம அதிகாரிகள் ஆகியோரின் பொறுப்பு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீணாகும் என்பதைப் பின்வரும் விவரங்களால் அறியலாம்.

தோட்டப் பயிருக்குச் சர்க்கார் பணம் ஏன்?

நெல்லில் ஒரு பரீட்சையை நான்கைந்து மாதங்களில் முடித்து, அடுத்த போகத்தில் மீண்டும் செய்து பார்க்கலாம். மாமரத்தில் அது இயலாது. கொட்டையிலிருந்து முளைத்த மாங்கன்று காய்ப்புக்கு வர ஆறு முதல் பத்து வருஷங்கள் ஆகின்றன. முதற்காய்ப்பைக் கொண்டு மரத்தின் தரத்தைத் தீர்மானிப்பதற்கும் இல்லை. ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்ந்துவிடும் குணம் உண்டா என்று அறியப் பின்னும் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும். இருபது வருஷங்கள் பொறுத்திருந்து பலன் காணும் வேலையில் தனி மனிதர் முதல் போடுவது அரிது.

மற்றொரு காரணமும் உண்டு. வீரிய ஒட்டு விதையை விற்கும் வியாபாரியிடம் விவசாயி ஒவ்வொரு போகத்துக்கும் திரும்பிவர வேண்டியிருக்கும். ஆகையால் அவ்விதையைக் கண்டுபிடிக்கச் செலவிட்ட பணம் வியாபாரிக்குத் திரும்பிவிடுகிறது. வாழைக்கன்றோ ஒரு முறை வாங்கப்பட்டால் தோட்டத்திலேயே பக்கக்கன்று விட்டுப் பெருகும். அண்டை வீட்டாருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் விலையின்றிப் போய்ச் சேரும். இது குடியானவருக்கு நன்மையே. ஆனால் இதனாலேயே, நல்ல வாழை ரகத்தைக் கண்டுபிடிப்பவர் தம் செலவைத் திரும்பப் பெறுவது கடினம். எல்லோருக்கும் பயன்பட்டு, ஒருவருக்கும் தனி லாபம் தராத வேலையைப் பொதுப் பணத்தினாலன்றி வேறு எவ்வாற்றானும் நடத்த முடியாது.

மேலும், நெல், கோதுமை முதலிய தானியங்கள் கோடிக்கணக்கான ஏக்கரில் பயிராவன. தோட்டப் பயிர்களோ பலவகை. ஒவ்வொன்றின் பரப்பும் சிறிது. மலைவாழைக்கு ஒரு நோய், உருளைக்கிழங்குக்கு ஒரு புழு, எலுமிச்சைக்கு ஒரு பட்டுப்போதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது. தனி ஒதுக்கீடு இல்லாவிடில், பெரும் பயிர்களின் நிழலில் இச்சிறு பயிர்கள் மறைந்துபோகும்.

மான்ய ஏற்பாட்டின் வரலாறு

இந்திய விவசாய நிலையை விசாரிக்க 1926-ஆம் வருஷத்தில் லின்லித்கோ பிரபுவின் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. அது 1928-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விவசாயம் மாகாணங்களின் பொறுப்பாக இருந்தபோதிலும், ஆராய்ச்சிக்கு வேண்டிய பணமும் நிபுணரும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனியே கிடைப்பது அரிது என்பதைக் கண்ட கமிஷனர்கள், அகில இந்தியாவுக்கும் பொதுவான ஓர் ஆராய்ச்சிக் கவுன்சில் வேண்டும் என்று சிபாரிசு செய்தனர். அதன்படி 1929-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், இம்பீரியல் விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் பதிவு செய்யப்பட்டது. இன்று இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் என வழங்குவது அதுவே.

கமிஷனர்கள் பணத்தைப் பற்றிக் கூறிய யோஜனை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கவுன்சிலின் கையில் 50 லட்சம் ரூபாய் கொண்ட ஒரு நிதி ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும், அது வருஷ முடிவில் காலாவதியாகாத நிதியாக இருக்கவேண்டும் என்றும் அவர்கள் கூறினர். சாதாரணமாகச் சர்க்கார் ஒதுக்கும் தொகையில் மார்ச் 31-ஆம் தேதிக்குள் செலவாகாத பகுதி கஜானாவுக்குத் திரும்பிவிடும். மாங்கன்று நடும் பருவமோ ஆடியில் தொடங்குகிறது. பணத்துக்கு அநுமதி தை மாதத்தில் கிடைத்தால், நடும் பருவம் தவறிவிடுகிறது. அடுத்த ஆடி வருவதற்குள் பணமும் போய்விடுகிறது. பயிரின் பஞ்சாங்கமும் கஜானாவின் பஞ்சாங்கமும் வெவ்வேறு என்பதை உணர்ந்தே அவ்வாறு சிபாரிசு செய்யப்பட்டது.

பின்னர் 1940-ஆம் வருஷத்தில் விவசாய விளைபொருள் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டது. அட்டவணையில் கண்ட விளைபொருள்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும்போது, அவற்றின் மதிப்பில் நூற்றுக்கு அரை வீதம் தீர்வை வசூலிக்கப்பட்டு, அத்தொகை ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குச் சேர்ந்தது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு எட்டணா. விவசாய விளைபொருளின் விலையிலிருந்தே விவசாய ஆராய்ச்சிக்குச் சிறு பங்கு ஒதுக்கி வைத்தது இவ்வேற்பாடு. அத்தீர்வை பிற்காலத்தில் நீக்கப்பட்டுவிட்டது. இப்பொழுது கழகத்தின் செலவு பெரும்பாலும் மத்திய சர்க்காரின் வருஷாந்தர வரவு செலவுத் திட்டத்திலிருந்தே கொடுக்கப்படுகிறது.

இக்கவுன்சிலின் உதவிப் பணத்தைக் கொண்டு, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பை ஜில்லாவின் கோடூரில், 1935-ஆம் வருஷத்தில் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. மா, எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றின் ரகங்களும், அவற்றை ஒட்டுவதற்கு ஏற்ற வேர்ச்செடிகளும் அங்குப் பரீட்சிக்கப்பட்டன. 1953-இல் அந்த ஜில்லா ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. நிலையமும் அத்துடன் சென்றது.

இக்காலத்து ஏற்பாடு

இன்று தோட்டப் பயிர் ஆராய்ச்சிக்கு மத்திய சர்க்காரின் பணம் முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, நிரந்தர ஸ்தாபனங்கள். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 1967-இலும், திருச்சிராப்பள்ளியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இலும் தொடங்கப்பட்டன. இவற்றின் சம்பளம், நிலம், கட்டடம் ஆகிய செலவு முழுவதையும் கழகமே ஏற்கிறது.

இரண்டாவது, அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்கள். ஒரே பரீட்சையைப் பல ராஜ்யங்களில், பல மண்ணிலும் பல மழையளவிலும் ஒரே காலத்தில் செய்து பார்ப்பதே இவற்றின் நோக்கம். இவ்வகைத் திட்டம் முதன்முதலாக 1957-இல் மக்காச்சோளத்துக்கு ஏற்பட்டது. 1970-71-இல் காய்கறிகளுக்கும் ஏற்பட்டது. ராஜ்ய விவசாயப் பல்கலைக்கழகங்களில் உள்ள மையங்களின் செலவில், பொதுவாக, நூற்றுக்கு 75 பங்கைக் கழகமும் 25 பங்கை ராஜ்யமும் ஏற்கின்றன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், பெரியகுளம் முதலிய இடங்களில் பழப் பயிர் வேலையும், ஆழியாறு நகர், வேப்பங்குளம் ஆகிய இடங்களில் தென்னை வேலையும் இவ்வகையில் நடைபெறுகின்றன. ராஜ்யம் தன் கால் பங்கைக் காலத்தில் கொடாவிடில் மற்ற முக்கால் பங்கும் செவ்வையாகப் பயன்படுவதில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்காகச் சில வருஷங்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் மான்யம். கழகமேயன்றி, மத்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்பத் துறை முதலியனவும் இதனை அளிக்கின்றன.

இந்த மூன்றாவது வகை மான்யத்தைப் பெற விரும்பும் நிபுணர் ஒரு வேலைத் திட்டம் எழுதி அனுப்பவேண்டும். பிரச்சினை இன்னது, அதனால் எத்தனை ஏக்கர் பாதிக்கப்படுகிறது, இதுவரை அறியப்பட்டது எது, இனி அறிய வேண்டியது எது, எந்த முறையில், எத்தனை வருஷங்களில், எவ்வளவு செலவில் செய்யப்படும் என்பன அதில் விவரமாகக் கூறப்பட வேண்டும். நிபுணர் கமிட்டி அதனைப் பரிசீலித்துத் தக்கவற்றுக்குச் சிபாரிசு செய்யும். அநுமதியான தொகை ஒரே தடவையில் கொடுக்கப்படுவதில்லை, தவணையாக வரும். பெற்ற தொகையை எடுத்த காரியத்துக்கே செலவிட்டதாகப் பயன்பாட்டுச் சான்றிதழும், தணிக்கை செய்த கணக்கும் அனுப்பவேண்டும். அவை தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும். பொதுப் பணத்துக்கு இக்கட்டுப்பாடு அவசியமே. ஆயினும் செடி தவணைக்காகக் காத்திராது என்பதும் உண்மை.

முதல் நிபந்தனை: காலத்தில் வருதல்

வாழையில் முடிக்கொத்து நோய் என ஒன்று உண்டு. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் காணப்படும். இளமையில் நோய் கண்ட மரம் குலை தள்ளாது. ஒரு நச்சுயிரியால் உண்டாகும் இந்நோய், நோயுற்ற பக்கக்கன்றை நடுவதாலும், வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியாலும் பரவுகிறது. நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

இந்நோயைப் பற்றி இன்று சாதாரணமாகச் சொல்லப்படும் இவ்விஷயங்கள் ஒரு காலத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவை வெளியானது ஆஸ்திரேலியாவில், சர்க்கார் மான்யத்தினால் நடந்த ஆராய்ச்சியின் மூலமே. அந்நாட்டில் நியூ சவுத் வேல்ஸின் வட பகுதியிலும் குவீன்ஸ்லாந்தின் தென் பகுதியிலும் 1920-களின் தொடக்கத்தில் இந்நோய் வாழைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. எருக்குறைவு என்றும், மண்ணின் கேடு என்றும், பூஞ்சணம் என்றும் பலர் பலவாறு கூறிக்கொண்டிருந்தனர். 1924-இல் அந்நாட்டு மத்திய சர்க்காரும் அவ்விரு ராஜ்யங்களும் கூடிப் பணம் ஒதுக்கி, ஒரு கமிட்டியை நியமித்து, ஆராய்ச்சியைத் தொடங்கின. மகீ என்னும் நிபுணர் அசுவினியே நோயைக் கொண்டு செல்கிறது என்று பரீட்சைகளால் நிரூபித்தார். 1927-இல் அவ்வாராய்ச்சியின் முடிவுகள் வெளியாயின.

மூன்று வருஷங்களில் கிடைத்த இவ்வறிவைக்கொண்டு சட்டம் இயற்றப்பட்டது. நோயுற்ற மரங்களைத் தோண்டி அழித்தல், கண்ட இடத்திலிருந்து கன்று வாங்கி நடுவதைத் தடுத்தல், தோட்டங்களை அதிகாரிகள் இடைவிடாது பார்வையிடல் ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. கைவிடப்பட்ட தோட்டங்கள் மீண்டும் உண்டாயின. அன்று தொடங்கிய மேற்பார்வை இன்றும் நடைபெற்று வருவதால், அந்நாட்டில் நோய் ஒரு எல்லைக்குள்ளேயே அடங்கி நிற்கிறது. மான்யம் பத்து வருஷம் பிந்தியிருந்தால், காப்பாற்றுவதற்கு அங்குத் தோட்டம் இருந்திராது.

இரண்டாம் நிபந்தனை: நீடித்து நிற்றல்

எல்லாப் பிரச்சினைகளும் மூன்று வருஷங்களில் தீர்வன அல்ல. அந்நாளில் சென்னை மாகாணத்தின் தென் கன்னட ஜில்லாவில் இருந்த காசர்கோடு, நீலேசுவரம் பகுதிகளில் 1916-இல் மாகாண விவசாய இலாகாவினர் தென்னை ஆராய்ச்சி நிலையங்களை நிறுவினர். நெட்டைத் தென்னையையும் குட்டைத் தென்னையையும் ஒட்டுச் சேர்க்கும் வேலையை ஜே. எஸ். படேல் என்னும் நிபுணர் 1932-இல் நீலேசுவரத்தில் செய்தார். அவ்வொட்டுக் கன்றுகளின் வீரியம் பற்றிய செய்தி 1937-இல் வெளியாயிற்று. நிலையம் தொடங்கியதற்கும் அச்செய்தி வெளியானதற்கும் இடையே 21 வருஷங்கள் கழிந்தன. ஐந்தாம் வருஷத்தில், “பலன் என்ன?” என்று கேட்டு மான்யத்தை நிறுத்தியிருந்தால், இன்று தோப்புகளில் காணப்படும் ஒட்டுத் தென்னைகளுக்கு அடிப்படையான அந்த வேலை அங்கு நடந்திராது. பின்னர் நிர்வாகம் தென்னைக் கமிட்டியின் கைக்கும், அதன்பின் கழகத்தின் கைக்கும் மாறியபோதும் நிலையத்தின் வேலை நிற்கவில்லை.

மரப் பயிருக்குத்தான் இவ்வளவு காலம் வேண்டும் என்று எண்ணலாகாது. நீலகிரியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழு 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இப்புழுவின் முட்டைகள் சிறு கூடுகளில் பாதுகாப்பாகத் தங்கி, கிழங்கு பயிரிடாத நிலத்திலும் பல வருஷங்கள் உயிருடன் கிடக்கும். ஆகவே மருந்தினால் மட்டும் அதனை ஒழிக்க இயலாது. அதனைத் தாங்கும் ரகமே வேண்டும். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் பல வருஷங்கள் ஒட்டுச் சேர்த்துத் தேர்ந்து, குஃப்ரி ஸ்வர்ணா என்னும் ரகத்தை 1985-இல் வெளியிட்டனர். நான்கு மாதப் பயிரிலும் புழுவைக் கண்டதற்கும் தாங்கும் ரகம் கைக்கு வந்ததற்கும் இடையே 24 வருஷங்கள் சென்றன. அதாவது 24 வரவு செலவுத் திட்டங்கள்.

மாவின் கதையும் இத்தகையதே. தென்னாட்டு நீலத்தையும் வடநாட்டுத் தசேரியையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய மல்லிகா, ஆம்ரபாலி என்னும் ரகங்கள் டில்லியில் உள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தாரால் 1970-களில் வெளியிடப்பட்டன. ஆம்ரபாலி குட்டையாக வளர்ந்து வருஷந்தோறும் காய்க்கும் இயல்புடையது. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு நாற்பது மரம் வைப்பது பழைய வழக்கம். இதனையோ இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 650 வரையில் நடலாம் என்று கண்டனர். வருஷந்தோறும் காய்க்கும் குணத்தை இவ்விரண்டு ரகங்களுக்கும் அளித்தது, நம் நாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்த நீலமே. பல ரகங்களை வெட்டாமல் வைத்துக் காத்த தோட்டங்கள் இல்லாவிடில், மான்யம் எவ்வளவு கிடைப்பினும் ஒட்டுச் சேர்ப்பதற்குத் தாய்மரம் கிடைத்திராது.

மூன்றாம் நிபந்தனை: கிராமம் முடிக்க வேண்டிய வேலை

மேலே கூறிய முடிக்கொத்து நோய் 1913-இல் இலங்கையிலும், 1940-ஐ ஒட்டிக் கேரள நாட்டிலும் காணப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டு மலைகளையும் அடைந்தது. கீழ்ப் பழனி மலையிலும் சிறுமலையிலும் காப்பித் தோட்டங்களின் ஊடே பயிராகும் விருப்பாச்சி, சிறுமலை வாழைகளே இந்நோய்க்கு அதிகமாக இரையாயின. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் என்று பெயர் பெற்றது விருப்பாச்சி. 1970-களில் கீழ்ப் பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய 45,000 ஏக்கரில் இருந்த மலைவாழைச் சாகுபடி, பின்னர் சுமார் 2,000 ஹெக்டேராக, அதாவது 5,000 ஏக்கராகச் சுருங்கியது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என்று சொல்லலாம்.

நோய் எதனால் வருகிறது, எதனால் பரவுகிறது என்பது ஆஸ்திரேலிய ஆராய்ச்சியினால் 1927-லேயே வெளியாகியிருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். அறிவு இல்லாமையால் இம்மலைத் தோட்டங்கள் அழியவில்லை. மலைவாழை ஒரு முறை நட்டால் பல வருஷங்கள் அதே இடத்தில் கன்று விட்டுக் காய்க்கும் வழக்கமுடையது. ஆதலால் நோயுற்ற குத்து ஒன்று ஒரு மூலையில் நின்றுகொண்டே அண்டைத் தோட்டங்களுக்கும் ஆண்டுக்கணக்கில் நோயைப் பரப்பியது. கன்று வேண்டியவர்கள் கிடைத்த இடத்தில் தோண்டிக்கொண்டு போயினர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும், திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தாரும், மலைவாழையின் குருத்துத் திசுவிலிருந்து நச்சுயிரி அற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கி மலைத் தோட்டங்களுக்குக் கொடுத்துள்ளனர். திசு வளர்ப்புக் கன்றுகளின் தரத்தைச் சோதித்துச் சான்று அளிக்கும் ஏற்பாட்டை மத்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் ஏற்படுத்தியது. விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆராய்ச்சியால் செய்யத்தக்கதில் பெரும் பகுதி இவ்வாறு செய்யப்பட்டுள்ளது.

ஆனால் இக்கன்றைப் பற்றி ஒரு விஷயம் திட்டமாக அறியப்பட வேண்டும். இது நோய் அற்ற கன்று. நோயைத் தாங்கும் கன்று அன்று. பக்கத்தில் நோயுற்ற குத்து நின்றால், அசுவினி அங்கிருந்து வந்து இக்கன்றையும் கெடுத்துவிடும். ஒருவர் நல்ல கன்று நட்டு, அண்டைத் தோட்டக்காரர் நோயுற்ற மரத்தை அழியாமல் வைத்திருந்தால், ஒருவரது கவனக்குறைவினால் இருவரது பயிரும் போகும். பல வருஷ ஆராய்ச்சிக்குச் செலவான மான்யமும் போகும். மலைச்சரிவு முழுதும் ஒரே காலத்தில் சுத்தம் செய்யப்பட்டாலன்றி இதில் முழு வெற்றி கிட்டாது. இது எந்த நிபுணராலும் தம் பரீட்சைச் சாலையில் இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலை அன்று.

செய்யத்தக்கவை

நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவிகள் சில கீழே கூறப்படுகின்றன.

1. அடங்கலைச் சரியாக எழுதுதல். வேலைத் திட்டத்தில் நிபுணர் முதலில் காட்டவேண்டியது பயிரின் பரப்பு. அக்கணக்குக்கு மூலம் கிராம அடங்கல். காப்பியின் ஊடே உள்ள வாழையும், தென்னையின் கீழ் உள்ள எலுமிச்சையும் எழுதப்படாவிடில், அப்பயிர் கணக்கில் இல்லாத பயிராகும். கணக்கில் இல்லாத பயிருக்கு மான்யம் கேட்பது கடினம்.

2. புதிய நோயை உடனே தெரிவித்தல். மான்யம் காலத்தில் வரவேண்டுமானால் செய்தி காலத்தில் போகவேண்டும். தோட்டத்தில் முன் காணாத நோயோ பூச்சியோ தோன்றினால், அதனை மறைத்துக் கன்றுகளை விற்றுவிடுவது பெருந்தீங்கு. உடனே தோட்டக்கலை உதவி அலுவலருக்கோ, அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.

3. ஆலோசனைக் குழுவில் பேசுதல். இந்தியாவின் முதல் வேளாண்மை அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று இந்நிலையங்கள் ஜில்லாதோறும் பரவியுள்ளன. ஒவ்வொன்றுக்கும் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. விவசாயிகளும் அதில் அங்கத்தினர். தம் பகுதியில் எது ஆராயப்பட வேண்டும் என்பதை அங்கு எடுத்துரைப்பது அவர்களுடைய உரிமை, கடமையும் ஆகும்.

4. பரீட்சைக்கு நிலம் ஒப்படைத்தால் முடிவு வரையில் காத்தல். பரீட்சைப் பாத்தியில் உள்ள சோனிச் செடியைக் கண்டு இரங்கித் தனியே எருவிடுவதும், நல்ல குலையைக் கணக்கெடுக்குமுன் வெட்டி விற்பதும் பல வருஷ வேலையைக் கெடுத்துவிடும். குறைந்த விளைச்சலும் ஒரு கணக்கே.

5. சான்று பெற்ற கன்றையே நடுதல். சாகுபடி மான்யத்தில் வாங்கும் கன்றாயினும், அது எந்தத் தாய்மரத்தினின்று வந்தது, நச்சுயிரிச் சோதனை ஆயிற்றா என்று கேட்டு வாங்க வேண்டும்.

6. நோயுற்ற வாழையை முறைப்படி அழித்தல். முதலில் மருந்து தெளித்து அசுவினியைக் கொன்று, பிறகே மரத்தை வெட்டவேண்டும். வெட்டுவது முந்தினால் பூச்சிகள் பக்கத்து மரங்களுக்குப் போய்விடும். கிழங்கைப் பக்கக்கன்றுகளுடன் முழுவதும் தோண்டித் துண்டுதுண்டாக நறுக்கி அழிக்க வேண்டும். கிழங்கில் ஒரு பகுதி மண்ணில் நின்றாலும் நோய்க் கன்று மீண்டும் கிளம்பும். இவ்வேலையைக் கிராமத்தார் கூடி நாள் குறித்து ஒரே வாரத்தில் செய்து முடிப்பது சிறந்தது.

7. பழைய ரகங்களைக் காத்தல். புதிய ரகம் வந்தவுடன் பழைய மரங்கள் அனைத்தையும் வெட்டிவிடாமல், ஊருக்குரிய ஒவ்வொரு ரகத்திலும் இரண்டொரு மரங்களையேனும் வைத்திருக்க வேண்டும். நாளைய ஆராய்ச்சிக்கு அவையே முதல்.

சர்க்கார் மான்யம் என்பது குடிகள் செலுத்திய வரியே. அது கஜானாவிலிருந்து ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து கன்றாகவும் அறிவாகவும் குடிகளிடமே திரும்புகிறது. இப்பயணத்தில் முதற் பாதிக்குச் சர்க்கார் கணக்குக் கேட்கிறது. சான்றிதழும் தணிக்கையும் உண்டு. பிற்பாதிக்குக் கணக்குக் கேட்பார் இல்லை. நோயற்ற கன்று மலைக்கு வந்து சேர்ந்த பின் அது பிழைத்ததா, பக்கத்து நோய்க் குத்தினால் மடிந்ததா என்பது எந்தத் தணிக்கையிலும் வருவதில்லை. அக்கணக்கைத் தாமே கேட்டுக்கொள்ளும் கிராமத்துக்கு மான்யம் முழுப் பலனையும் அளிக்கும். மலைவாழை எஞ்சியுள்ள ஐயாயிரம் ஏக்கரும் நிலைப்பதும், மீண்டும் பெருகுவதும் இதனைப் பொறுத்தே இருக்கின்றன.